காப்புக்கட்டில் தொங்கும் விதை: சேலத்து வீட்டில் காட்டுப்பூ வளர்க்க

போகியன்று காலையில் சேலம் கடைவீதியில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிய கொத்துகள் குவியல் குவியலாக வந்து இறங்கும். வாங்கி வந்து வாசல் நிலையிலும் எரவாணத்திலும் செருகிக் காப்புக் கட்டுவோம். பொங்கல் முடிந்து கரும்புச் சக்கை குப்பைக்குப் போன பிறகும் அந்தக் கொத்து அங்கேயே தொங்கிக் காய்ந்துகொண்டிருக்கும். இந்த ஆண்டு அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள். பூளைப்பூவைத் தனியே கழற்றி, ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கசக்கிப் பாருங்கள். பஞ்சுத் தூசிக்கு நடுவே கடுகைவிடச் சிறிய, கருமையாக மினுங்கும் விதைகள் உதிரும். காட்டுப்பூ வளர்க்க ஆசைப்படுகிறவரின் முதல் விதைப் பொட்டலம் அவர் வீட்டு வாசலிலேயே தொங்குகிறது.

நான் கன்னங்குறிச்சிப் பக்கம், ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிக் குடியிருக்கிறேன். வீட்டுக்கு முன்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண்தரை இருக்கிறது. முதல் ஆண்டு, ‘காட்டுப்பூக் கலவை’ என்று அச்சடித்த விதை உறை ஒன்றை வாங்கித் தூவினேன். அழகாகத்தான் பூத்தது. ஆனால் முளைத்தவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோ நாட்டுக் காஸ்மோஸ் செடிகள். தினமும் தண்ணீர் கேட்டன. மாசி மாத வெயிலுக்கே கருகிவிட்டன. அதே மாதத்தில், என் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கும் கரட்டின் (சிறு பாறைக்குன்றின்) சரிவில், யாரும் ஒரு சொட்டு நீர் ஊற்றாத ஆவாரை மஞ்சளாகப் பூத்து நின்றது. அதன்பிறகுதான் கரட்டைப் பார்த்துத் தோட்டம் போடக் கற்றுக்கொண்டேன்.

சேலத்தின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அது குறைவான மழை என்று சொல்ல முடியாது. சித்திரை, வைகாசியில் இடியோடு நான்கைந்து கோடைமழை பெய்யும். ஆவணியிலிருந்து ஐப்பசி வரை நன்றாகப் பெய்யும். மார்கழிக்குப் பிறகு மூன்று நான்கு மாதங்களுக்கு வானம் மூடிக்கொள்ளும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நம் காட்டுச் செடிகள் இந்தக் கணக்குக்கு ஏற்றபடியே வாழ்கின்றன. மழையில் முளைத்து, மழை ஓயும்போது பூத்து, விதையைத் தரையில் போட்டுவிட்டுச் சில செடிகள் மடிந்துவிடும். சில, இலையை உதிர்த்துவிட்டு வேரோடு காத்திருக்கும். ஆகவே வளரும் செடியோடு நமக்கு வேலை ஆடியிலிருந்து கார்த்திகை வரைதான். மீதி மாதங்களில் செடியைத் தொடாமல் இருக்கத் தெரிந்துவிட்டால் பாதித் தோட்டம் அமைந்துவிட்டது. புதியவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் பங்குனியிலும் சித்திரையிலும்தான். காய்ந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல் பிடுங்கிப் பெருக்கி, அடுத்த ஆண்டுக்கான விதையையும் சேர்த்துக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள்.

எது நம் ஊர்ப் பூ?

பழகிய பூவெல்லாம் நாட்டுப்பூ அல்ல. மாலைக்கட்டும் செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்தது. கல்லறை ஓரத்திலும் பள்ளிக்கூட வேலியிலும் பூக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுக்காரி. காயத்துக்குச் சாறு பிழியும் வெட்டுக்காயப் பூண்டும் கடல் தாண்டி வந்ததே. இவற்றை வளர்ப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. என் வீட்டிலும் செண்டுமல்லி உண்டு. ஆனால் உண்ணிச்செடியை மட்டும் தயவுசெய்து கொண்டுவந்து வைக்காதீர்கள். நாற்றங்கால்களில் மஞ்சள், வெள்ளை, ஊதா என்று புதுப்புது நிறத்தில் விற்கிறார்கள். குருவிகள் அதன் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் போடும். ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் ஆவாரையும் காட்டு மல்லிகையும் இருந்த சரிவுகளில் இன்று உண்ணிப் புதர் மண்டிக்கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மறுபக்கம், கடையில் வாங்கும் பூ என்று நாம் நினைக்கும் கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. தலையில் சூடும் டிசம்பர் பூவும் இந்த மண்ணுக்கு அந்நியம் இல்லை.

தை முதல் பங்குனி வரை: விதை சேர்க்கும் காலம்

நாட்டுக் காட்டுப்பூ விதைகள் கடையில் கிடைப்பது அரிது. நடந்து போய்ச் சேர்க்க வேண்டும். சாலையோரம், ஏரிக்கரை, காலி மனை, உறவினரின் மேட்டாங்காடு, இவையே நம் விதைக்கடைகள். முதல் நடைக்குப் பையை எடுத்துப் போகாதீர்கள். எது எங்கே நிற்கிறது என்று பூவோடு பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். அப்போது இனம் காண முடியாது.

ஆவாரங்காய் தட்டையாக, விரல் நீளத்துக்கு, காகிதம்போல் மெல்லியதாக இருக்கும். பழுப்பேறி, ஆட்டினால் சலசலக்கும்போது பறிக்க வேண்டும். பச்சைக் காயைப் பறித்து நிழலில் உலர்த்தினால் விதை சுருங்கிப்போகும். கிலுகிலுப்பைக்குப் பெயரே அடையாளம்: உப்பிய காய்க்குள் விதை கிலுகிலுவென்று ஒலித்தால் தயார். கொழுஞ்சிக் காய் மட்டும் கவனம். வெயில் ஏறியதும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறித்துவிடும். ஆகவே காலை ஈரத்தோடு பறித்து, வாய் கட்டிய துணிப்பையில் போட்டு வெயிலில் வையுங்கள். உள்ளேயே வெடித்துக்கொள்ளும். தும்பைக்குக் காய்ந்த பூங்கொத்தைத் தலைகீழாகத் தாளில் தட்டினால் போதும்.

ஒரு செடியில் பத்துக் காய் இருந்தால் ஒன்றைப் பறியுங்கள். ஒரே செடியில் முழுவதும் எடுக்காமல் ஐந்தாறு செடிகளில் பிரித்து எடுத்தால் விதையிலும் வகை இருக்கும். செடியை வேரோடு பெயர்த்து வருவது வேண்டவே வேண்டாம். ஆணிவேர் ஆழப் போகும் செடிகள் இவை. பெயர்த்தால் பத்தில் ஒன்றுகூடப் பிழைப்பதில்லை. சேர்வராயன் மலையில் காப்புக்காடாக இருக்கும் பகுதிகளில் விதையையோ கிழங்கையோ வனத்துறை அனுமதியின்றி எடுப்பது சட்டப்படியும் குற்றம். அடிவாரச் சாலையோரத்திலும் புன்செய் வரப்புகளிலும் கிடைப்பதே நமக்குப் போதும்.

சேர்த்த விதையை இரண்டு நாள் நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். செடியின் பெயர், எடுத்த இடம், மாதம் மூன்றையும் எழுதுங்கள். வண்டு விழாமல் இருக்க நான்கு வேப்பிலையைக் காயவைத்து உடன் போடுவது நம் வீடுகளில் பருப்புக்கும் பயறுக்கும் செய்கிற பழைய பழக்கம்தான், இதற்கும் உதவும்.

வைகாசி, ஆனி: இடமும் மண்ணும்

ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். வேப்பமரத்து நிழலில் ஆவாரை இலையாகவே நிற்கும், பூக்காது.

பிறகு ஒரு சோதனை. ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மீண்டும் ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றிய நீர் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வடிந்தால் அந்த இடம் நல்லது. மறுநாளும் தேங்கி நின்றால், தரையில் நடாமல் முக்கால் அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். வறட்சியைத் தாங்கும் செடிகள் தேங்கிய நீரை ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. வேர் அழுகிச் சாவதைத் தண்ணீர் போதாமல் வாடுவதாக நினைத்து மேலும் ஊற்றுகிறவர்கள் உண்டு.

சேலத்தின் பெரும்பகுதியில் சரளை கலந்த செம்மண்தான். அதுவே இந்தச் செடிகள் பிறந்த மண். எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி போன்ற வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதிகளை ஒட்டிய மனைகளில் நிலைமை வேறு. அங்கே மக்னீசியம் மிகுந்து மற்றச் சத்துகள் குறைந்திருக்கும். வெளியிலிருந்து செம்மண் கொண்டுவந்து மேடு கட்டுவதே எளிய வழி. புதிதாகக் கட்டிய வீடுகளில் இன்னொரு தொல்லை: மனையை நிரப்பக் கொட்டிய சிமெண்டுக் காரை, உடைந்த செங்கல், கலவை மண். மேலே ஓரடியையாவது தோண்டிச் சலித்து எடுத்துவிடுங்கள். மண்ணைப் பற்றி ஐயம் இருந்தால் மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம்.

உரம் வேண்டாம். தொழுவுரத்தைக் கூடைகூடையாகக் கொட்டினால் தும்பை இடுப்புயரம் வளர்ந்து சாய்ந்து விழும், பூ குறையும், கூடவே கோரையும் அருகம்புல்லும் கொழுத்துவிடும். எனக்குத் தெரிந்த எந்தத் தோட்ட வேலையிலும் கஞ்சத்தனம் இவ்வளவு பலன் தந்ததில்லை.

ஆனி மாதத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. கோடைமழைக்குப் பிறகு, அல்லது நீங்களே இரண்டு நாள் நீர் தெளித்து, தரையில் இருக்கும் களை விதைகளை முளைக்கவிடுங்கள். விரலளவு வளர்ந்ததும் களைக்கொத்தால் மேலோட்டமாகச் சுரண்டி எடுங்கள். ஆழமாகக் கொத்தினால் கீழே உறங்கும் களை விதைகள் மேலே வந்துவிடும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கோரைக்கு மட்டும் சுரண்டல் போதாது. கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இந்த இரண்டு சுற்றை விட்டுவிட்டு விதைத்தால் ஆவணி முழுவதும் களையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எந்தச் செடியில் தொடங்குவது?

முதல் ஆண்டுக்கு ஆறு செடிகள் போதும். என் தேர்வைச் சொல்கிறேன்.

ஆவாரை, தோட்டத்தின் தூண். நான்கைந்து அடி உயரப் புதராக வளரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்தடி இடைவெளி தேவை. சின்ன முற்றத்தில் ஒரே ஒரு செடி போதும். அதை வாசலுக்கு நேரே வைக்காமல் மூலையில் வையுங்கள். இதன் இலையில் பச்சைப் புழுக்கள் வரும். அவை வெளிர்மஞ்சளும் வெள்ளையுமான வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். மருந்து அடிக்காதீர்கள். தின்ற இலை அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

கொழுஞ்சி, இரண்டடி உயரத்தில் இளஊதா நிறப் பூ. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்து மண்ணுக்குத் தரும். உழவர்கள் பசுந்தாள் உரமாக மடக்கி உழுவது இதைத்தான். உங்கள் மண் மிகவும் மெலிந்ததாக இருந்தால் முதல் ஆண்டு கொழுஞ்சியை மட்டுமே விதைத்தாலும் தவறில்லை.

தும்பை, முழங்கால் உயரத்துக்கும் கீழே. வெள்ளைப் பூ. கொத்தாக நாற்பது ஐம்பது செடி சேர்ந்து நின்றால்தான் அழகு தெரியும். காலை ஒன்பது மணிக்குத் தேனீக்களின் இரைச்சலை வாசலில் இருந்தே கேட்கலாம். பூளை, சாம்பல் வெள்ளைக் கதிர்களோடு, மற்றப் பூக்கள் ஓய்ந்த பிறகும் நிற்கும். விஷ்ணுகிராந்தி தரையோடு படரும். நீலப் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. காலையில் விரிந்து நண்பகலில் மூடிக்கொள்ளும். நடைபாதைக் கல்லின் ஓரத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடியை நான் கண்டதில்லை. துத்தி நான்கடிக்கு மேல் வளரும். அதன் மஞ்சள் பூ பிற்பகலில்தான் விரியும். அலுவலகம் போய் மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது துத்தியைத்தான்.

இரண்டாம் ஆண்டில் கிலுகிலுப்பை, டிசம்பர் பூ, வேலிக்கு நொச்சி என்று சேர்த்துக்கொள்ளலாம். நீலக் கிலுகிலுப்பை இருந்தால் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து காய்ந்த தண்டையும் இலையையும் உறிஞ்சும். வேலி ஓரத்தில் எருக்கு தானாக முளைத்தால் விட்டுவையுங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுதான் உணவு. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து, வெட்டும்போது கவனம்.

செங்காந்தளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நம் மாநில மலர். வேலியில் ஏறிச் சிவப்பும் மஞ்சளுமாக எரியும்போது தெருவே நின்று பார்க்கும். கோடையில் தண்டு முழுவதும் மடிந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். ஆடி, ஆவணியில் கிழங்கை நட்டால் ஐப்பசியை ஒட்டிப் பூக்கும். இருந்தாலும் சிறு குழந்தையோ, மண்ணைக் கிளறும் நாயோ இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். செடி முழுவதுமே நஞ்சு, கிழங்கு உயிரையே பறிக்கும். கிழங்கைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கிலுகிலுப்பையும் ஆடு மாட்டுக்கு ஆகாது. கால்நடை நுழையும் தோட்டத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். நெருஞ்சிப் பூ அழகுதான். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த முள்ளை யாரும் விதைக்க மாட்டார்கள்.

ஆடி: விதைக்கும் நாள்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது நெல்லுக்கும் சோளத்துக்கும் மட்டும் சொன்னது இல்லை. ஆடி மாதத்தின் இரண்டாம் பாதியில் மண் நனையும் மழை ஒன்று பெய்த மறுநாள் விதையுங்கள். தவறவிட்டால் புரட்டாசித் தொடக்கம் வரை தாங்கும். அதற்குப் பிறகு விதைத்தவை வேர் ஊன்றும் முன்பே வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

ஆவாரை, கொழுஞ்சி, கிலுகிலுப்பை, துத்தி நான்குக்கும் விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் சில முளைக்கும், சில மூன்று ஆண்டு கழித்து முளைக்கும். காட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. மழை ஏமாற்றினாலும் விதை மிச்சமிருக்கும். நமக்கு இந்த ஆண்டே முளைக்க வேண்டும் என்பதால் சுடுநீர் நேர்த்தி செய்கிறோம். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். ஒரு குவளையில் விதையைப் போட்டு, அதைப்போல் பத்து மடங்கு நீரை ஊற்றி, இரவு முழுவதும் மூடி வையுங்கள். விதையை அடுப்பில் கொதிக்கும் நீரில் போட்டுவிடாதீர்கள், அது வெந்துபோகும். காலையில் உப்பியவற்றை எடுத்து உடனே விதைக்க வேண்டும். உப்பாதவற்றை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள்.

விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். ஆவாரைக்கு விரல்நுனி அளவு குழி; ஒரு குழியில் மூன்று விதை; முளைத்தபின் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். தும்பை, பூளை விதைகளை மூடவே கூடாது. ஒரு பிடி விதைக்கு ஐந்து பிடி ஆற்றுமணலோ சலித்த செம்மண்ணோ கலந்து, காற்றில்லாத நேரத்தில் தூவி, உள்ளங்கையால் தட்டிவிட்டால் போதும். பூவாளியின் மெல்லிய தூவலில் மட்டும் நீர் தெளியுங்கள். குழாயை நேராகப் பிடித்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். எறும்பு தூக்கிப் போவதைத் தடுக்க, பாத்தியின் ஓரத்தில் கொஞ்சம் குருணை அரிசி போட்டு வையுங்கள். எறும்புக்கும் பசி உண்டல்லவா, அங்கே போய்விடும்.

டிசம்பர் பூவுக்கும் நொச்சிக்கும் விதை தேட வேண்டாம். பென்சில் பருமனில் முக்கால் அடி நீளக் குச்சியை வெட்டி, பாதியை மண்ணில் புதைத்து, நிழலில் ஈரமாக வைத்தால் வேர்விடும்.

விதைக்கும் அன்றே இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து விதையைத் தனித்தனிச் சிறு தொட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். தரையில் என்ன முளைக்கிறது என்று குழம்பும்போது இந்தத் தொட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டில் வேலைக்கு வந்த பெரியவர், என் பாத்தியைக் களை என்று நினைத்து ஒரே காலையில் துப்புரவாகச் செதுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாழ்நாள் முழுவதும் தும்பையைக் களையாகவே பார்த்த கை அது. நான் அன்று வீட்டிலிருந்து சொல்லியிருக்க வேண்டும். இப்போது பாத்தியைச் சுற்றிக் கருங்கல் வரிசை ஒன்று வைத்திருக்கிறேன். அந்தக் கல் வரிசை வந்தபிறகு அக்கம்பக்கத்தாரும் ‘புல் மண்டிக் கிடக்கிறதே’ என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒழுங்கான ஓரம் ஒன்று இருந்தால் உள்ளே இருப்பது வேண்டுமென்றே வளர்த்தது என்று யாருக்கும் புரிந்துவிடும்.

ஆவணி: எது செடி, எது களை?

ஆவாரை நாற்றின் இலைகள் இரவில் மடிந்துகொள்ளும். ஐயம் இருந்தால் இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பாருங்கள். கொழுஞ்சியின் சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாமல் அம்புமுனைபோல் பிளந்து வரும். துத்தி இலை இதய வடிவில், வெல்வெட்டுத் துணிபோல் மெத்தென்று இருக்கும். தும்பையைக் கசக்கி முகர்ந்தால் போதும்.

பார்த்தீனியத்தை முதலிலேயே அடையாளம் கண்டுகொள்ளுங்கள். கேரட் இலைபோல் வெட்டுப்பட்ட இலைகள் தரையோடு வட்டமாக ஒட்டிக்கிடக்கும். பூக்கும் முன்பு, கையுறை போட்டுக்கொண்டு, வேரோடு பிடுங்க வேண்டும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரக்கூடியது; வெறுங்கையால் தொடாதீர்கள்.

தண்ணீர்

வறட்சி தாங்கும் செடி என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் வேண்டாம் என்று பொருளல்ல. தாங்குவது வேர், அந்த வேர் இறங்கும் வரை நாம் துணை நிற்க வேண்டும். மழை இல்லாத நாட்களில், விதைத்த முதல் மூன்று வாரம் தினமும் லேசாகத் தெளியுங்கள். நான்கு இலை விட்ட பிறகு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை. இடைவெளி கூடும்போது ஊற்றும் அளவையும் கூட்டுங்கள்: மேலே ஈரம் காட்டிவிட்டுப் போவதைவிட அரையடி ஆழத்துக்கு நனையும்படி ஒரே தடவையில் ஊற்றுவது நல்லது. அப்போதுதான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். கார்த்திகையோடு தும்பை, பூளை போன்ற ஒருபருவச் செடிகளுக்கு நீரை நிறுத்திவிடலாம். ஆவாரை, டிசம்பர் பூ, நொச்சி போன்றவற்றுக்கு முதல் கோடையில் மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு குடம். அடுத்த கோடைக்கு அதுவும் வேண்டாம்.

குடிநீர்க் குழாயில் சில நாளுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வரும் தெருக்களில் இதைப் படிக்கிறவர்கள் அரிசி, காய்கறி கழுவிய நீரையே இதற்குப் பயன்படுத்தலாம். சோப்பு நீரும், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் உப்பு நீரும் தொடர்ந்து ஊற்ற ஏற்றவை அல்ல.

பெரிய செடிகளைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். தும்பை, விஷ்ணுகிராந்தி இருக்கும் இடத்தில் சருகு வேண்டாம், விதை முளைக்க வெளிச்சம் தேவை. அங்கே வெங்கச்சங்கற்களை (வெள்ளைப் படிகக் கற்களை) இடைவெளிவிட்டுப் பரப்பினால் கல்லுக்கடியில் ஈரம் நிற்கும். இடுக்குகளில் நாற்றும் வரும்.

மாசி முதல் வைகாசி வரை: காய்வதைப் பார்த்திருக்கும் காலம்

தும்பை பழுப்பாகும். பூளை வெளுத்து உதிரும். விஷ்ணுகிராந்தி இருந்த இடம் தெரியாது. கொழுஞ்சி இலையை இழந்து குச்சியாக நிற்கும். தரை வெடிக்கும். முதல் கோடையில் எனக்கும் மனம் கேட்கவில்லை. தினமும் மாலையில் போய்க் குச்சியை ஒடித்து ஒடித்து உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தேன். நீங்களும் ஒருமுறை கீறிப் பாருங்கள், தவறில்லை. பட்டைக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

காய்ந்த செடிகளைச் சித்திரைக் கடைசி வரை அப்படியே விடுங்கள். விதை அதிலிருந்துதான் தரைக்கு இறங்குகிறது. வெற்றுத் தண்டுகளுக்குள் சிறு குளவிகளும் தனித்தேனீக்களும் கூடு வைக்கின்றன. கண்ணுக்கு உறுத்தினால் வாசலை ஒட்டி மூன்றடி அகலத்தை மட்டும் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பாம்பு அச்சம் இருப்பவர்களும் இதையே செய்யலாம்: நடைபாதையின் இருபுறமும் தரையோடு படரும் செடிகள் மட்டும், உயரமானவை சுவரோரம், இரவில் வெளிச்சம். பங்குனி, சித்திரையில் சருகைத் தீ வைத்துக் கொளுத்தும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு தீக்குச்சியில் ஓராண்டு விதை போய்விடும்.

வைகாசியில் முதல் கோடைமழை விழுந்த பிறகு காய்ந்த ஒருபருவச் செடிகளைத் தரைமட்டத்தில் வெட்டி, உதறி, அதே இடத்தில் பரப்புங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம். ஆவாரையைப் பூ ஓய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு கழித்துவிட்டால் புதுக்கிளை விட்டு அடர்த்தியாக வரும்.

மாடி வீட்டுக்காரர்களுக்கும் ஏற்காட்டுக்காரர்களுக்கும்

மண்தரை இல்லாதவர்கள் ஓரடி அகல மண்தொட்டியில் விஷ்ணுகிராந்தி, டிசம்பர் பூ, தும்பை வளர்க்கலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு அரைப் பங்கு. தொட்டியில் வேர் ஆழப் போக வழியில்லை. ஆகவே எவ்வளவு வறட்சி தாங்கும் செடியானாலும் கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் கொசு வரும். கரட்டுப் பாறை இடுக்கில் வளரும் கள்ளிமுளையான் மட்டும் விதிவிலக்கு: ஒரு துண்டுத் தண்டை வெட்டி, நான்கு நாள் நிழலில் காயவிட்டு, சரளையில் செருகினால் மாதம் இரண்டு தடவை நீரில் பிழைத்துக்கொள்ளும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். குளிரும் அதிகம், மழையும் அதிகம். பஸ்ஸில் மலையேறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: முதல் சில கொண்டை ஊசி வளைவுகள் வரை நம் கீழ்நாட்டு முட்புதர்களும் ஆவாரையும், மேலே போகப் போகக் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரங்களும். மேலே வாழும் செடியைக் கீழே கொண்டுவந்தால் சித்திரை வெயிலைத் தாங்காது. கீழே வாழ்வது மேலே மூடுபனியில் அழுகும். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், அதே உயரத்தில், யாரும் கவனிக்காமல் பூத்திருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையின் காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மரத்திலிருந்து பெயர்த்து வர வேண்டாம்.

மறு ஆடி

இரண்டாம் ஆண்டில் விதைக்கும் வேலை பாதியாகக் குறையும். முதல் நல்ல மழைக்குப் பின் பத்தாம் நாள் குனிந்து பார்த்தால் பாத்தி முழுவதும் ஊசிமுனைப் பச்சை தெரியும். நீங்கள் நினைத்த இடத்தில் மட்டும் வராது. நடைபாதையிலும் படிக்கட்டு இடுக்கிலும் துளசிமாடத்து ஓரத்திலும் வரும். தும்பை, பூளை நாற்றுகளை நான்கு இலைப் பருவத்துக்குள், மேகமூட்டமான மாலையில், வேரைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்ணோடு கரண்டியால் பெயர்த்து மாற்றி நடலாம். ஆவாரையும் கொழுஞ்சியும் அதற்கு இடம் தராது. முளைத்த இடம் வசதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு இலை விடும்போதே கிள்ளிவிட்டு, வேண்டிய இடத்தில் புது விதையை ஊறவைத்துப் போடுங்கள்.